போஸ்டைத் தொட்டுச் சொன்னது

வானகரத்தில் பைபாஸ் ஓரம் ஒரு கிடங்குக்குப் பின்னால் பந்து விளையாட இடம் வாடகைக்கு விடுகிறார்கள். தரையில் பிளாஸ்டிக் புல். நான்கு பக்கமும் வலை, தலைக்கு மேலேயும் வலை. போன ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி பஞ்சர் என்று மகன் கூப்பிட்டதால் அவனை அழைத்துவரப் போனேன். ஆட்டம் முடிந்திருக்கவில்லை. உள்ளே போகலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டு வலைக்கு வெளியிலேயே நின்றேன். வெயில் ஏற ஏற அந்தப் புல்லிலிருந்து ரப்பரும் எண்ணெயும் சேர்ந்த வாடை கிளம்பியது. எனக்கு அப்பாவின் கையுறை ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா ஆவடியில் ஒரு ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே கொடுக்கிற கித்தான் கையுறைகள் பழசானதும் எங்கள் வீட்டுக்கு வரும். அவற்றைப் போட்டுக்கொண்டுதான் நான் கோல் காத்தேன். எத்தனை முறை துவைத்தாலும் கிரீஸ் வாடை போகாது. ஆட்டம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் ரசத்திலும் கிரீஸ்தான். நான் கோலியானதற்குத் திறமை காரணமில்லை. மற்ற இடங்களில் ஆடுகிறவர்கள் ஓயாமல் கத்த வேண்டும், பந்து கேட்க வேண்டும். கோலி பேசாமல் நிற்கலாம். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் டீமுக்கும் பூந்தமல்லி பஜார் டீமுக்கும் ஆகவே ஆகாது. தொழிற்சாலைச் சங்கைக் கேட்டு எழுந்திருக்கிறவர்கள் என்பதால் எங்களுக்குச் ‘சங்கு பசங்க’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பஜாரில் அத்தர் கடைகள் இருந்ததால் நாங்கள் அவர்களை ‘அத்தர் பார்ட்டி’ என்போம். அவர்களுக்குக் கோல் போடுகிற ஆள் பஷீர். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து கையுறையை மோந்து பார்ப்பான். “மச்சான், இந்தக் கைல பந்து நிக்காது. நான் சும்மா உருட்டி வுட்டா போதும்.” எனக்குத் திருப்பிச் சொல்ல வராது. சிரிப்பேன்.

நாங்கள் ஆடுகிற மைதானத்தில் கோலுக்கு வலை கிடையாது. ஒரு தடவை கட்டிப் பார்த்தார்கள். அடுத்த வாரமே அது யார் வீட்டிலோ அவரைப் பந்தலாகிவிட்டது. வலை இல்லாமல் வேகமாகப் போகிற பந்து போஸ்டுக்கு உள்பக்கமாகப் போனதா வெளிப்பக்கமாகப் போனதா என்று தூரத்திலிருந்து தெரியாது. லைன்மேன் என்றும் யாரும் இல்லை. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. சந்தேகம் வந்தால் ரெஃப்ரி கோலியிடம் வருவார். கோலி போஸ்டைத் தொட்டு உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேச்சில்லை. சண்டைக்காரர்கள் கூட அதை மீறினதில்லை. கோலிகளும் பொய் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்து ஒருவனைத் தவிர.

ஒரு வருடம் கோப்பை ஃபைனல் எங்கள் இரண்டு டீமுக்கும் நடுவில்தான் வந்தது. தொழிற்சாலை டீமுக்கு ஒரே ஒரு ஆள் எடுக்க ஒரு அதிகாரி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எடுத்தால் உள்ளே வேலை. பஷீர் அல்லது நான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்பா நான்கு மாதத்தில் ஓய்வு பெற வேண்டும். எனக்கு உள்ளே வேலை கிடைக்காவிட்டால் நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பஷீர் குமணன்சாவடியில் அவனுடைய மாமாவின் பை தைக்கிற கடையில் உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து எழுந்து வர அவனுக்கு இது ஒன்றுதான் வழி.

காலையில் மழை பெய்து மைதானம் சேறாகிவிட்டது. சவுக்குக் கம்பப் போஸ்டுகளுக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நாங்கள் ஒரு கோல் போட்டிருந்தோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பஷீர் அடித்தான். நான் பாய்ந்தேன். பந்து என் விரலுக்கு அப்பால் இடது போஸ்டின் உள்பக்கத்தை உரசிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த முள்செடிக்குள் விழுந்தது. பஜார் டீம் கோல் என்று குதித்தது. எங்கள் ஆட்கள் வெளியே என்றார்கள். ரெஃப்ரி சேற்றில் கால் வழுக்கி வழுக்கி என்னிடம் வந்தார்.

நான் எழுந்து நின்றேன். போஸ்டின் உள்பக்கம், வெள்ளைச் சுண்ணாம்பின் மேல், உள்ளங்கை அளவுக்குச் சேறு ஒட்டியிருந்தது.

“இன்னாடா, வாயத் தொற. வெளியதானே?” என்றார் எங்கள் கேப்டன்.

பஷீரின் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவன் அவர்களைக் கையால் விலக்கினான். “இருங்கடா. சார், அவன் நம்ம ஆளு. பொய் சொல்ல மாட்டான். அவன் சொன்னா சர்தான்.”

நான் போஸ்டைத் தொட்டேன். சரியாக அந்தச் சேற்றின் மேல் கை வைத்தேன். “வெளிய” என்றேன். கையை எடுக்கும்போது கொஞ்சம் அழுத்தித் துடைத்தபடி எடுத்தேன். இவ்வளவு சாமர்த்தியம் எனக்குள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கோப்பை எங்களுக்கு. ஒரு கோலும் விடவில்லை என்று அந்த அதிகாரி என் தோளில் தட்டினார். அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலையில்தான் தங்கையின் கல்யாணம், என் கல்யாணம், மகனின் படிப்பு எல்லாம் நடந்தது.

பஷீர் அதற்குப் பிறகு ஆடவில்லை. குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தின் ஓரத்தில், மாமாவுக்குப் பின் அவனே கடையை எடுத்துக்கொண்டான். நான் பல வருடம் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். ஒருநாள் மகனின் பள்ளிக்கூடப் பையில் ஜிப் போய்விட்டது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். ரெக்சினும் பசையும் கலந்த வாடை. பஷீருக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. அவன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

“பஷீரு, அன்னிக்கு அந்தப் பந்து...” என்று இழுத்தேன்.

“உள்ள” என்றான் ஜிப்பைப் பார்த்தபடியே. “அடிச்சவனுக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன் ரெஃப்ரிகிட்ட அப்டி சொன்ன?”

“அப்டி சொன்னா நீ பொய் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன் மச்சான்.”

புது ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பையைக் கொடுத்தான். காசு கொடுக்கப் போனேன். அடுத்த ஆளின் பையை எடுத்துக்கொண்டு, “வுடு, பஸ் வருது பாரு” என்றான்.

மறுபடி போவதற்குத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சாலையை அகலப்படுத்த அந்த வரிசைக் கடைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அவன் எங்கே போனான் என்று பக்கத்து டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். எந்த வீட்டுக்காக அந்த வார்த்தையைச் சொன்னேனோ, அந்த வீடு இருந்த பிளாக்கையும் பழசாகிவிட்டது என்று இடித்துத் தள்ளினார்கள். எங்களுக்கு வேறு பிளாக் கொடுத்தார்கள். அங்கே தண்ணீர் நன்றாக வருகிறது.

வானகரத்தில் அன்றைக்கு ஒரு பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்தது. கோலா இல்லையா என்று தகராறு. யாரோ ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்திருந்தான். நாலைந்து தலைகள் அதன் மேல் குனிந்தன. கோல் என்று முடிவானது. அவ்வளவு நேரமும் கோலிப் பையன் போஸ்டில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.