கருப்பனார் மேடையில் பட்டாளத்துப் பட்டை

மலைமேல் திண்ணனூர் நாட்டில் அப்பாசாமியின் பட்டறை எங்கே என்று கேட்டால் கண் தெரியாதவரும் கை காட்டுவார். ஒரு கூரை, ஒரு உலை, ஒரு பட்டடைக்கல். அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு ஆணிகூட அப்பன் தேடி வைத்தது இல்லை. ரெண்டாம் வகுப்போடு பலகையை வீசிவிட்டு, வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் பட்டாளத்துப் பட்டறையில் நாலு வருஷம் கரி அள்ளிப் போட்டு, கண்ணாலேயே தொழிலைத் திருடிக்கொண்டு மலையேறிய மனிதர். அவர் கை வைத்த இரும்பு மறுபடி முறிந்ததாகச் சரித்திரமே கிடையாது.

சீனாச் சண்டை முடிந்த மறுவருஷம், வயர்லெஸ் கம்பம் நட ஒரு பட்டாளத்து லாரி மலைக்கு வந்தது. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது பின்சக்கரத்தில் பாரம் தாங்கும் வில்பட்டை ஒன்று ரெண்டாக முறிந்து உட்கார்ந்துவிட்டது. சேலத்திலிருந்து பட்டை வர நாலு நாளாகும் என்றார்கள். அப்பாசாமி பழைய பஸ் பட்டையை உலையில் போட்டு, ஒரே பகலில் அடித்து மாட்டி ஓட்டிக் காட்டினார். பட்டாளத்தார் பூரித்துப்போய் மேலிடத்துக்கு எழுதினார்கள். இனி மலைமேல் தங்கள் வண்டிகளை இவரே ரிப்பேர் பார்க்கலாம் என்று முத்திரை போட்ட உத்தரவு வந்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு உலைக்கு மேலே மாட்டினார். முழுக்க இங்கிலீசு. ஊரில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லை என்பதே அதற்குத் தனி மரியாதையாக இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு ஜீப் வந்தது. பட்டாளத்துச் சாமான் பழுது பார்க்கும் பட்டறைகளை மேற்பார்வை பார்க்க மெட்ராசிலிருந்து வந்த சர்க்கார் அதிகாரி. பேர் அருணாசலம்.

“வாங்க, வாங்க! என் வேலையைப் பாக்கணும்னா அந்த லாரியைத்தானுங்க பாக்கணும். ஆனை ஏறி நின்னாலும் அசையாதுங்க.”

“லாரி இருக்கட்டும். கழற்றின பழைய பட்டை எங்கே?”

அப்பாசாமிக்கு விளங்கவில்லை. “ஒடைஞ்சதுங்களா?”

“அதுதான்.”

“அது எதுக்குங்க? நல்லதுதான் ஓடிட்டிருக்குதே!”

“ஓடுறது எனக்குத் தெரியுமய்யா. உடைஞ்சதைக் காட்டினால்தான் புதுசு போட்டதுக்குச் சாட்சி. மாற்றின ஒவ்வொரு சாமானுக்கும் பழசு இருக்கணும். உத்தரவில் மூணாவது வரியே அதுதான். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீரே!”

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் அத்தாயி குரல் கொடுத்தாள். “அதுக்குத் தினமும் பொட்டு வெக்கத் தெரிஞ்சுது. என்ன எழுதியிருக்குதுன்னு மலைக்குக் கீழ போயி ஒருத்தரைக் கேக்கத் தெரிஞ்சுதா?”

அதிகாரி நோட்டை மூடினார். “அரிவாளாக அடிச்சு வித்துட்டீர், அப்படித்தானே? அது சர்க்கார் சொத்து. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வரவில்லையென்றால் பட்டறையைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டியதுதான்.”

அப்பாசாமி சுத்தியலைக் கீழே வைத்தார். நல்லதைப் பார்க்க மாட்டேன், கெட்டதைக் கொண்டு வா என்கிறவனை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. பட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். முறிந்த இரும்பை அந்த ஊரில் யாரும் வீட்டில் வைப்பதில்லை. ஏர்க்கொழுவோ அரிவாளோ, காவல்சாமி கருப்பனார் மேடையில் நட்டுவிட்டு வருவார்கள். கொடுத்ததைத் திரும்ப எடுப்பது என்கிற பேச்சே கிடையாது.

“கருப்பனாருக்குக் குடுத்துட்டனுங்க” என்றார் மெதுவாக.

“யாரந்தக் கருப்பன்? எந்த ஊர் வியாபாரி?”

அத்தாயி சிரித்தே விட்டாள்.

அதிகாரியை அங்கேயே கூட்டிப்போனார்கள். மேடையில் துருப்பிடித்த இரும்பு முள்ளுக்காடாக நின்றது. பூசாரி சின்னையன் பூட்சைக் கழற்றச் சொன்னார். அதிகாரி தேடித் தேடி, ஓரத்தில் பட்டையின் ரெண்டு துண்டுகளையும் கண்டுபிடித்து, அதில் வெட்டியிருந்த பட்டாளத்து எண்ணைப் படிக்க மண்டியிட்டார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்த சின்னையன் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பிவிட்டார்.

எண் சரியாக இருந்தது. அதிகாரி துண்டைப் பிடுங்கக் கை நீட்டினார். அப்பாசாமி குறுக்கே நின்றார். “பட்டறையைப் பூட்டிக்கங்க, சாமி. இதுல மட்டும் கை வெக்காதீங்க.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அதிகாரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். “இங்கேயிருந்து எவனாவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்?”

“தூக்கினவன் எவனுங்க உசுரோட இருக்கான்?” என்றார் சின்னையன்.

“எங்கள் கிடங்கில் ரெண்டு பூட்டுப் போட்டும் சாமான் நடந்து போகிறது” என்று அதிகாரி அன்றைக்கு முதல்முதலாகச் சிரித்தார். ஜீப்பிலிருந்து வெள்ளைப் பெயிண்டை எடுத்து வரச்சொல்லி, ரெண்டு துண்டிலும் ஒன்று, ரெண்டு என்று போட்டார். நோட்டில் ‘இருக்குமிடம்’ என்ற கட்டத்தில் ‘கருப்பனார் மேடை’ என்று எழுதினார். பட்டறை தப்பியது.

ஆனால் அப்பாசாமிக்குத் தெளிவு பிறக்கவில்லை. சாமி சர்க்காரில் சேர்ந்துவிட்டதா, சர்க்கார் சாமியிடம் வந்துவிட்டதா? கொழு முறிந்தவர்கள் வேறு அவரிடமே வந்து, “இதை நேரா நட்டுடலாமா, மெட்ராசுக்கு எழுதிக் கேக்கோணுமா?” என்று கேட்டு உயிரை எடுத்தார்கள்.

ஐப்பசியில் அவருடைய உலைக்குறடே கை முறிந்தது. கொண்டுபோய் மேடையில் நட்டார். பத்தடி வந்தவர் திரும்பிப் போனார். இடுப்புப் பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை வழித்து, குறட்டின்மேல் மூன்று என்று போட்டார்.

விறகுக் கட்டோடு அந்த வழியாக வந்த அத்தாயி நின்றாள். “இது உங்க குறடுதானுங்களே? பட்டாளத்துது இல்லையே?”

“ஒண்ணும் புடிபடலை புள்ள” என்றார் அப்பாசாமி. “எதுக்கும் இருக்கட்டும்.”