ராஜாங்கம் மாமாவின் கோரைக்கிழங்கு

கோரையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுத எனக்கு மனம் வராது. தியாகதுருகத்துப் பக்கம் நிலம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மேலே கொஞ்சம் புல், கீழே கறுப்பாக முடி முளைத்த சின்னக் கிழங்கு. புல்லைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அடுத்த மழைக்குப் பழையபடி எட்டிப் பார்க்கும். அந்தச் சனியனை ஆசையாசையாகப் பொறுக்கி மூட்டை கட்டிய ஒரே மனுஷன் எங்கள் ராஜாங்கம் மாமாதான்.

மாமா என்றால் உறவு இல்லை. அவர் வேறு சாதி, நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவரும் என் அப்பா இன்னாசியும் ஒரே நிலக்காரரிடம் பக்கத்துப் பக்கத்துக் கொல்லைகளைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர்கள். இவர் மாடு படுத்துக்கொண்டால் அவர் மாடு வரும். அப்பா பேச்சு கம்மி. மாமா அதற்கும் சேர்த்துப் பேசுவார். எதையாவது கேள்விப்பட்டால் போதும், மறுநாளே அதில் குதித்துவிடுவார். முயல் வளர்த்தார், நாய் தின்றது. குண்டுமல்லி வைத்தார், ஆடு தின்றது. “இந்த ஆளுக்கு ஆசை வராம இருக்க ஒரு மாத்திரை இருந்தா வாங்கியாந்து குடுப்பா” என்று அவர் மனைவி அம்சவள்ளி அத்தை என்னிடமே சொல்லியிருக்கிறார்.

எண்பத்தேழாம் வருஷம் கோடையில் கோரை ஆசை வந்தது. கொடுத்தவர் காசிநாதன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் வேரையும் பட்டையையும் வாங்கி மெட்ராசுக்கு அனுப்பும் கள்ளக்குறிச்சி வியாபாரி அவர்.

“சீனாக்காரன் வைத்தியத்துல இது பெரிய சரக்குய்யா” என்று அவர் டீக்கடையில் சொன்னாராம். “பொம்பளைங்க மாசாமாசம் வயித்தப் புடிச்சிக்கினு படுத்துக்கறாங்கல்ல, அதுக்கு இந்தக் கெழங்கதான் கஷாயம் வெச்சிக் குடுக்கறான். நம்ம மருந்துக்கடையிலயே முத்தக்காசுன்னு விக்குது. நீ தேத்திக் குடு, புரட்டாசி பொறந்ததும் லாரி அனுப்பறேன்.”

மாமாவுக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. கோடை உழவு நடக்கும் கொல்லைகளிலெல்லாம் ஏருக்குப் பின்னால் ஆள் விட்டுக் கிழங்கு பொறுக்கினார். நிலக்காரர்களுக்குச் சந்தோஷம், தரித்திரம் தொலைந்தது என்று. கிழங்கைக் கழுவிக் காயவைத்து, வைக்கோல் தீயில் லேசாக வாட்டி முடியைப் பொசுக்கி, சாக்கில் போட்டுத் தேய்த்தால் பாக்குபோல வழவழவென்று ஆகிவிடும். நான்கூட ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். கசப்பு, அதற்குள் ஒரு கற்பூர வாசனை. சீனப் பெண்களை நினைத்துப் பாவமாக இருந்தது. மாட்டுக்கொட்டகையில் பாதி இடத்தை மூட்டைகள் பிடித்துக்கொண்டன. மாடுகள் வெளியே நின்றன.

புரட்டாசி பிறந்தது. இடஒதுக்கீடு கேட்டு மாமாவின் சாதிக்காரர்கள் நடத்திய மறியலும் அன்றைக்கே ஆரம்பித்தது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. வழியெல்லாம் மரங்கள் குறுக்கே கிடந்தன. எங்கள் ஊர் முனையில் புளியமரத்தைச் சாய்த்தவர்களில் மாமாவும் ஒருவர். ரம்பத்தின் ஒரு முனை அவர் கையில் இருந்தது.

“ஒன் லாரியும் இந்த வழியாத்தானய்யா வரணும்?” என்று அத்தை கேட்டார்.

“நம்ம புள்ள படிச்சிட்டு வூட்லயே குந்திக்கினு இருக்கணுமா? லாரி நாளைக்கி வரும். போராட்டம் நாளைக்கி வருமா?”

அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். பிறகு ஒதுக்கீடு வந்தது. அவர் மகன் அறிவுச்செல்வன் உத்தியோகத்துக்கும் போனான். ஆனால் அந்த வாரம் ஊருக்குள் போலீஸ் வந்தது. ஆம்பளைகள் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். மாமா கல்வராயன் மலையேறி, தெரிந்தவர் ஒருவர் மரவள்ளிக் கொல்லையில் தங்கிக்கொண்டார். மூட்டைகளில் பாதிதான் வாட்டி முடித்திருந்தார். மீதி பச்சைக் கிழங்கு. மலையில் அவர் ஒளிந்திருந்தபோது கீழே நல்ல மழை. கொட்டகைக் கூரை ஒழுகியது.

இறங்கி வந்தவர் நேரே கள்ளக்குறிச்சிக்குத்தான் போனார். “கப்பல் போயிடுச்சிய்யா. நனைஞ்ச சரக்க வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?” என்று காசிநாதன் கைவிரித்துவிட்டார்.

“அதக் கொளுத்திடுய்யா” என்றார் அத்தை. “காயட்டும், ஒண்ணுவிடாம கொளுத்திடு.”

இந்த இடத்தில்தான் மாமா தப்பு செய்தார். குடியானவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மக்குகிற பொருளைக் கொளுத்த அவருக்கு மனம் வரவில்லை. சாணி, சாம்பல், அழுகின வைக்கோல் எல்லாம் எருவாகும்போது இது மட்டும் ஆகாதா என்று நினைத்தார். “தீயில வாட்டுனது எங்கடி மொளைக்கும்? குப்பைச் சூட்டுல எல்லாம் வெந்துடும்” என்று சொல்லி, வாட்டாததையும் சேர்த்து அத்தனை மூட்டையையும் குப்பைக்குழியில் கொட்டினார்.

மறுவருஷம் அப்பா ஒரு ஏக்கர் நிலம் வாங்கினார். சொந்த நிலம். அப்பாவின் அப்பாவுக்கும் அவருடைய அப்பாவுக்கும் இல்லாதது. கிரயம் ஆன அன்று அப்பா வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே இறங்கினார். அம்மா ரீத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனார். முதல் போகத்துக்கு மணிலாக்கொட்டை, அதாவது நிலக்கடலை, என்று முடிவாயிற்று.

புதுசாக நிலம் வாங்கினவனுக்கு முதல் எருவை வேண்டப்பட்டவன் அடித்துத் தரவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். வாங்கிக்கொண்டவன் அதைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் மண் விளையாது என்பார்கள். மாமா யாரையும் முந்திக்கொள்ள விடவில்லை. தன் குத்தகை நிலத்துக்குக்கூட வைக்காமல் குழியைச் சுரண்டி, வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினார். கறுகறுவென்று அருமையான எரு. “தங்கம்டா டென்னிஸ்!” என்று என் முதுகில் தட்டினார். நானும் என் புதுப் பெண்டாட்டியும் சேர்ந்துதான் அதை இறைத்தோம்.

ஆடி மழைக்கு மணிலா இரண்டு இலை விட்டது. அதற்கு முன்பே கோரை வந்துவிட்டது. கொல்லை முழுக்க, நாற்றங்கால்போல.

மாமாவும் அப்பாவும் வரப்பில் நின்றார்கள். அப்பா குனிந்து ஒன்றைத் தோண்டி எடுத்தார். ஒரு பக்கம் கருகிய கிழங்கு. அப்பா அதைக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, “மழ நல்லாத்தான் பேஞ்சிருக்குது” என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த நிலம் எங்களுக்குக் கடைசிவரை ஒழுங்காகச் சோறு போடவில்லை. களையெடுத்த கூலியை விளைச்சலால் ஈடுகட்ட முடியவில்லை. மணிலா போட்டோம், கம்பு போட்டோம், கரும்பும் போட்டுப் பார்த்தோம். சொந்த நிலம் வாங்கின என் அப்பா, வருஷத்தில் பாதி நாள் மலையில் மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போனார். ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் ஏர் ஓட்டும்போது மாமா கூடையோடு வந்துவிடுவார். கூப்பிட வேண்டியதில்லை. முதுகு வளைந்த பிறகும் உழவுசாலில் குந்திக் குந்தி நகர்ந்து கிழங்கு பொறுக்கினார். எனக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அப்பா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

“நீ ஒரு வார்த்த திட்டிடு இன்னாசி” என்று மாமா ஒருமுறை கேட்டது என் காதில் விழுந்தது. “உள்ளுக்குள்ள வெச்சிக்கினு இருக்கியா, இல்ல நெஜமாவே ஒண்ணுமில்லியா? எனக்குத் தெரியலடா.”

“இன்னாத்துக்குத் திட்டணும்? கஞ்சி குடிச்சியா?” என்றார் அப்பா.

வழக்கத்துக்காக அடக்கினாரா, மன்னித்துத்தான் விட்டாரா என்று எனக்கும் தெரியாது. அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

அப்பா ஒரு கார்த்திகை மாதத்தில் இறந்தார். கல்லறையில் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். மாமாவின் முறை வந்தது. அவர் மண்ணை அள்ளி உள்ளங்கையில் பரப்பி, விரலால் கிளறிக்கொண்டே நின்றார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் கிட்டே போய், “இன்னா மாமா பண்றீங்க? போடுங்க” என்றேன்.

“கெழங்கு கிது கெடக்கப்போவுதுடா” என்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவன்தான் திட்டல. நீயாவது திட்டு டென்னிஸ். நீ கோவக்காரன், ஒன்னால முடியும்.”

எனக்கென்ன, இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஆரம்பித்துவிட்டேன். “ஒங்களுக்கு அறிவு இருந்துச்சா? அத்த தலப்பாடா அடிச்சிக்கிச்சே, கேட்டீங்களா? கெழவன் வயசுல எங்கப்பன் மலையில கூலி வேல செஞ்சான், யாரால?” சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்த பிறகும் இன்னும் ஏதாவது வருமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் திட்டற” என்றார் கடைசியில். “ஆனா ஒண்ணும் கொறையலியேடா.”

எனக்கு அப்போது அவர்மேல் கோபம் இல்லை. மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்ட என் அப்பாமேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை, கெட்ட வார்த்தையாகவே இருந்தாலும், இந்த மனுஷனுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?