உள்ளங்கைச் சீனி

போன வெள்ளிக்கிழமை துபாய் சத்வாவில் ஒரு டீக்கடை வாசலில் நின்றேன். பால் ஊற்றாத சாயம் கொதிக்கிற வாசனை. உடனே ஹசன் வந்துவிட்டார். ஆள் இல்லை, ஞாபகம்தான். அந்தக் காலத்தில் நான் ஷார்ஜாவில் ஒரு கட்டட சைட்டில் டைம்கீப்பர். அவர் சர்வேயர், ஐம்பதைத் தாண்டிய துருக்கிக்காரர்.

நான் பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைகள், ஒவ்வொன்றும் ஒரு காம்பிரா. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்ததில், ஒன்பது வயதில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்று ஏசினார்கள், இங்கே சிலோன்காரன் என்று. அதனால் ஷார்ஜாவில் தொழிலாளர் கேம்ப்பில் யார் கேட்டாலும் சொந்த ஊர் திருச்சி என்று அளந்துவிடுவேன். திருச்சியில் நான் பார்த்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டு மட்டும்தான்.

ஒருநாள் மெஸ்ஸில் அசந்துவிட்டேன். தோட்டத்துப் பழக்கப்படி சீனியை உள்ளங்கையில் கொட்டி, ஒரு நக்கு நக்கி, ஒரு வாய் வெறும் தேத்தண்ணி குடித்தேன். ரூமில் கூட இருந்த புதுக்கோட்டை முருகேசன் பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, சிலோன்காரவுக மாதிரி கையில நக்குறிய? திருச்சின்னுல்ல சொன்னிய?”

“ஸ்பூன காணோம், அதான்.”

மேசையே சிரித்தது. ஸ்பூன் என் கண் முன்னால்தான் கிடந்தது. கூசிப்போனேன்.

மறுநாள் சைட்டில் ஹசனிடம் இதைப் புலம்பினேன். அவர் தன் கதையைச் சொன்னார். அவர் குடும்பம் கிரேக்கத்தின் கிரீட் தீவிலிருந்து துருக்கிக்கு வந்தது. இரண்டு நாட்டுக்கும் நடந்த போர் முடிந்ததும் துருக்கியும் கிரேக்கமும் ஒப்பந்தம் போட்டு, கிரேக்கத்து முஸ்லிம்களைத் துருக்கிக்கு, துருக்கிக் கிறிஸ்தவர்களைக் கிரேக்கத்துக்கு என்று மாற்றிக்கொண்டன. பார்த்தது மதத்தை மட்டும். ஹசனின் அம்மா ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் தெரிந்தது கிரேக்க மொழி ஒன்றுதான். துருக்கியில் அவரைப் பாதி காஃபிர் என்றார்களாம். சந்தையில் துருக்கி மொழி பேசச் சொல்லி அதட்டுவார்களாம்.

அம்மா என்ன செய்தார் என்று கேட்டேன்.

“மா அவுர் ஜோர் ஸே போல்தா, பாய்!” என்றார், எங்கள் சைட் ஹிந்தியில். இன்னும் சத்தமாகக் கிரேக்கத்திலேயே பேசினாராம்.

பிள்ளை மட்டும் லேசுப்பட்டவரா? அன்று மத்தியானம் ஒரு கம்பியில் கால் இடித்துக்கொண்டு, சைட் முழுக்கக் கேட்கிற மாதிரி கிரேக்கத்தில் ஒரு வசவு விட்டார். மற்ற துருக்கிக்காரர்கள் முறைத்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னொன்றும் விட்டார்.

சாயங்காலம் மெஸ்ஸில் ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கச் சீனியைக் கையில் கொட்டிக்கொண்டேன்.

“ஆமா, நான் சிலோன்ல பொறந்தவன்தான். திருச்சின்னு சொன்னது பொய். எங்கள ஒரு வார்த்த கேட்டா கையெழுத்துப் போட்டாங்க?”

முருகேசன் தலை குனிந்து சாப்பிட்டார். ‘சிலோன்’ என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் நிமிர்ந்துதான் திரும்பினேன்.

அந்த கேம்ப் இப்போது கார் பார்க்கிங். ஹசன் இப்போது உயிரோடு இல்லை, அவர் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் தெரியாது. நான் பிறந்த லயத்தையும் இடித்துவிட்டார்களாம். இடிக்கட்டும். துபாயில் பிறந்த என் மகளிடம் எங்கள் தோட்டத்து விலாசம் கேட்டுப் பாருங்கள், ஒப்பிப்பாள்: மேல்பிரிவு, ஆறாம் லயம், நாலாம் காம்பிரா.