நானே கேட்டு வாங்கிய ஆபரேஷன் தேதி

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், மாமனார் கட்டிய வீட்டில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. மாடியில் என் கணவரின் அண்ணன் குடும்பம், கீழே நாங்கள். ஓரகத்திக்கு ஒரே பெண், பதினோரு வயது. எனக்கும் ஒரே பெண், ஏழு வயது. இரண்டு பேருக்கும் பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். கால் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நடப்பார்கள். அந்தக் குடும்பத்து நடையே அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பெரியவள் மட்டும் அடிக்கடி தடுக்கி விழுவாள். பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்று வந்து அழுவாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கோளாறு பாதத்தில் இல்லை, தொடை எலும்பே உள்பக்கம் முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறது என்றார். இரண்டு தொடையிலும் எலும்பை அறுத்து, வெளிப்பக்கமாகத் திருப்பி, பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு வாரம் எனக்கு அந்தப் பிள்ளைமேல் பாவமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் மாடிக்குப் படையெடுப்பு தொடங்கியது. கோயிலிலிருந்து ஃபாதர் வந்து ஜெபித்தார். காக்ஸ் டவுன் சொந்தங்கள் ஆப்பிளும் பிளம் கேக்குமாக ஏறினார்கள். அத்தனை பேருக்கும் காபி போட்டு மேலே அனுப்பியது நான். சொந்த மகளுக்கு ஒரு ரிப்பன் வாங்கி வரச் சொன்னால் மறந்துவிடும் என் கணவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் அண்ணன் மகளைப் பார்க்க மாடிக்கு ஓடினார். எனக்கு உள்ளே புகைய ஆரம்பித்தது.

அஞ்சாறு மாதத்தில் அவள் ஜம்மென்று நேராக நடந்தாள். கோயில் திருநாள் பவனியில் வெள்ளை கவுன் போட்ட பிள்ளைகள் பூ தூவிக்கொண்டு முன்னால் போவார்கள். அந்த வருஷம் முதல் வரிசையில் அவள்தான். மூன்றாம் வரிசையில் போன என் மகள், கால் பின்னி, முன்னால் போன பிள்ளையின் கவுனை மிதித்துவிட்டாள். என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பெருசு ஷோக்கா நடக்குது, சின்னதுக்கும் பண்ணிட்டிருக்கலாமில்ல?" என்றார். அந்தப் பூசை முழுக்க நான் ஒரு ஜெபமும் சொல்லவில்லை. ஓரகத்தியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரமே ஓரகத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். அவர் என் மகளைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, காலை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "ஏனூ பேடம்மா, தானாகே சரி ஹோகுத்தே," என்று கன்னடத்தில் சொன்னார். எதுவும் வேண்டாம், வளர வளரத் தானே நேராகிவிடும், பத்து வயதுவரை பொறுங்கள் என்று அர்த்தம். சந்தோஷப்பட வேண்டிய பேச்சுதானே? எனக்கு அது ஓரவஞ்சனையாகத் தெரிந்தது. ஓரகத்தி வீட்டுக்காரரான மச்சாண்டார் ஆபீசர், என் வீட்டுக்காரர் கிளார்க், அதனால்தான் இப்படி என்று தீர்மானமே செய்துவிட்டேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வேறொரு டாக்டரைப் பிடித்தேன். ஆட்டோவில் போகும்போது மகளிடம், "டாக்டர் நடக்கச் சொன்னா இன்னும் கொஞ்சம் உள்ள திருப்பி நட கண்ணு. ஒரு தடவ விழுந்துடு. அப்பதான் கால் சரியாவும்," என்றேன். அவள் அப்படியே செய்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை விழுந்தாள். தினமும் விழுகிறாள், மாடிப்படி ஏற முடியவில்லை, ராத்திரியெல்லாம் கால் வலி என்று அழுகிறாள் என்று நான் கூசாமல் அடுக்கினேன். அவர் யோசித்தார். பிறகு, "இவ்வளவு கஷ்டப்படறான்னா செஞ்சிடலாம்," என்று கோடை விடுமுறையில் தேதி கொடுத்தார். லாட்டரி விழுந்தவள் போல வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு மகள் நிஜமாகவே விழ ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு முழங்காலும் சிராய்த்து வருவாள். பார்த்தாயா, நான் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரியவள் நடைபழக வாங்கிய வாக்கர் மாடியில் சும்மா கிடந்தது. அதைக் கேட்கிற சாக்கில், பெருமையாக விஷயத்தைச் சொல்லத்தான் போனேன். ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குடி வாக்கரு?"

"என் பொண்ணுக்கும் தேதி குடுத்துட்டாங்கக்கா."

மடித்த துணி கையிலேயே நின்றது. "வேணாம்னு டாக்டர் சொன்னாரே. நானும்தானே இருந்தேன்."

"வேற டாக்டர் செய்யலாம்னாரு."

அவர் தன் இடுப்பில் கட்டைவிரலை வைத்து, சேலைமேலேயே தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்துக் காட்டினார். "இம்மாம் நீட்டு தையலு. ரெண்டு பக்கமும். அடுத்த மாசம் பிளேட்டு எடுக்கணும், அதே எடத்துல மறுபடியும் அறுப்பாங்க. அவகிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிகினு இருக்கேன்."

மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"உன் பொண்ணுக்கு வேணாம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிகினே. நான் வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயத் திறந்துவுட்டு அழுதேன். என் பிள்ளைய மட்டும் அறுக்கச் சொன்னாரு, இவ பிள்ளைய மட்டும் ஆண்டவர் விட்டுட்டாரேன்னு. உன் பொண்ணு தடதடன்னு மாடிப்படி ஏறி வர்ற சத்தம் கேட்டா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது. பொறாமைதான், வேற இன்னா? உனக்கு சும்மா கெடச்சத நீ போய் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கே."

இத்தனை நாளும் நான் அவரைப் பார்த்து எரிந்துகொண்டிருக்க, அவர் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறார். அவராவது காரணத்தோடு எரிந்தார். நேராக எஸ்டிடி பூத்துக்குப் போய், ஆபரேஷன் வேண்டாம் என்று அந்த டாக்டரிடம் போனில் சொன்னேன். நான் சொன்னதெல்லாம் பொய் என்பதையும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் மகளை உட்கார வைத்து, முழங்கால் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே, "ஆபரேஷன் கிடையாது கண்ணு," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப இனிமே நான் விழ வேணாமாம்மா?"

அத்தனை நாளும் பள்ளிக்கூடத்துச் சிமென்ட் தரையில் அவள் வேண்டுமென்றே விழுந்திருக்கிறாள். அம்மா சொன்னாளே என்று. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து, வலிக்கவில்லை என்று அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

பத்து வயது தாண்டியதும் டாக்டர் சொன்னபடியே அவள் நடை நேராகிவிட்டது. இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. முழங்காலில் வெள்ளையாக இருக்கும் தழும்புகளைப் பற்றி யாராவது கேட்டால், சின்ன வயதில் விளையாடும்போது விழுந்தது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் பேச்சை மாற்றுவாள். என் பொறாமையை மூடிமறைக்க அவள் இன்னும் எனக்காக விழுந்துகொண்டுதான் இருக்கிறாள் என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.