வீட்டுத் தொடர்பாளர்

சந்திரமோகன் பனியைத் தொட்டதில்லை. ஆனால் ஹொக்கைடோவில் அவனுடைய நிறுவனம் ஆட்களை அழைத்துப்போகும் பதினோரு மலைச்சரிவுகளில் எதில் பனி உதிரி மாவாகக் கிடக்கும், எதில் மதியத்துக்குமேல் பிசுபிசுக்கும் என்பதை யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் நான்காவது மாடியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவான். ரயில் போகும்போது அவன் மேசை ஆடும். மேசையில் இரண்டு மடிக்கணினிகள். ஒன்று அவனுடையது, மற்றது மனைவி ரூபாவுடையது.

லிஃப்ட் எட்டாத காட்டு மலையில் வழிகாட்டியோடு ஏறி, யாரும் மிதிக்காத புதுப்பனியில் ஸ்கீயில் சறுக்கி இறங்குவதற்காக ஆஸ்திரேலியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். அவர்களுக்கு அந்தச் சிறிய ஜப்பானிய நிறுவனத்தின் சார்பில் பதில் எழுதுவதுதான் இருவருக்கும் வேலை. எடை, உயரம், காலணி அளவு, அனுபவம் எல்லாம் கேட்டு வாங்குவார்கள். தினமும் ஜோடிப் பட்டியல் போடுவார்கள். மரத்தடியில் பனி மூடிய குழிகள் இருக்கும். ஒருவர் தலைகீழாக விழுந்தால் அதைப் பார்த்த இன்னொருவர் இருக்க வேண்டும். அதனால் அங்கே யாரும் தனியாக இறங்குவதில்லை.

யாங்கூன் மேசையிலிருந்து ஒருவரை மூன்று மாதம் அங்கே வரவழைக்க நிறுவனம் போன வருடம் முடிவு செய்தது. முதலில் கேட்டது சந்திரமோகனைத்தான். அவனுக்கு வயது முப்பத்துமூன்று. கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்ததிலிருந்து அந்த வயது ஆண்கள் வேலைக்காக நாட்டைவிட்டுப் போக அனுமதி இல்லை. இந்த வருடம் ரூபாவைக் கேட்டார்கள். அவளுக்குத் தடை எதுவும் இல்லை.

"சனிக்கிழமை பொறந்தவனுக்கு எதுவும் கடைசியிலதான் கிடைக்கும்" என்று சொல்லி அவன் அம்மா மங்கலம், பகோடாவில் சனிக்கிழமை பிறந்தவர்களுக்கான மூலைக்குப் போய்ப் புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். ரூபாவும் சனிக்கிழமை பிறந்தவள்தான். கணவனைக் கட்டிப்போட்டுவிட்டு மனைவியை மட்டும் விமானம் ஏற்றிவிடும் கிரகம் எது என்று அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை. கதவைப் பூட்டியது கிரகமல்ல, மனிதர்கள். பூட்டியவனை உரக்கத் திட்ட முடியாத ஊரில் கோபம் கைக்கு எட்டுகிறவர்மேல்தான் இறங்குகிறது. சந்திரமோகனுக்கு எட்டியது ரூபா.

"அங்க போய் தினம் வீடியோ அனுப்புறேன், கோ சந்திரா" என்றாள் அவள், சோறு வடித்துக்கொண்டே. பர்மிய மரியாதைக்கு 'கோ' சேர்த்துத்தான் அவனைக் கூப்பிடுவாள்.

"எனக்கெதுக்கு? அஞ்சு வருஷமா வீடியோதானே பாக்குறேன்."

"சரி, அனுப்பல."

"அனுப்பு. ஆனா போன வாரம் மாதிரி மூணாம் சரிவுன்னு தப்பா எழுதித் தொலைக்காதே. அந்த பிர்ச் மரமெல்லாம் ஏழாவதுல இருக்கு."

"ஆமா, நீங்கதான் நட்டு வச்சீங்க."

அவள் சிரித்தாள். அவனால் முடியவில்லை. ஏழாவது சரிவைப் பற்றி நானூறு பேருக்கு எழுதியவன் அவன். அங்கே கால் வைக்கப்போவது, அதை மூன்றாவது என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

விடுதியைத் தாண்டி மலையில் கால் வைக்கும் யாராக இருந்தாலும், விருந்தினரோ பணியாளரோ, ஒரு படிவம் தர வேண்டும். பனிச்சரிவில் புதைந்துபோனால் முதலில் யாருக்குத் தெரிவிப்பது என்று ஒரு வீட்டுத் தொடர்பாளரின் பெயர் அதில் இருக்கும். அந்த ஆள் தானே படித்து, 'அழைத்தால் எடுப்பேன்' என்று இணையத்தில் கையெழுத்திட வேண்டும். ரூபா கணவன் பெயரைக் கொடுத்திருந்தாள். கடைசி நாள் வந்தும் அவன் கையெழுத்திடவில்லை. தொலைபேசியை எடுப்பாயா என்று மட்டும் கேட்ட படிவம் அது. அதை, மனைவி போகலாமா என்று தன்னிடம் கேட்கும் படிவமாக அவன் மாற்றிக்கொண்டான். அவனை அடைத்துவைத்தவர்களும் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டுதான் அதைச் செய்தார்கள். அது அவனுக்கு உறைக்கவில்லை.

ஜப்பானில் மாலை ஐந்து மணி கெடு. இங்கே பிற்பகல் இரண்டரை. ஒன்றேமுக்காலுக்கு லத்தா கடைத்தெருவிலிருந்து ரூபா கூப்பிட்டாள். பழைய ஜப்பான் துணிகள் விற்கும் நடைபாதைக் கடையில் கம்பளிச் சட்டை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"எப்படிப் போடறது? காலையிலிருந்து மீ இல்ல."

பர்மிய மொழியில் மீ என்றால் மின்சாரம். அது இல்லாமல் போவது யாங்கூனில் யாரும் சந்தேகப்படாத சாக்கு.

"பேட்டரி?"

"அதுவும் செத்துப்போச்சு."

பேட்டரி அவன் காலடியில் பச்சை விளக்கோடு நிறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மின்விசிறி சுற்றியது. தெரு முழுக்க, மாடிக்கு மாடி, குழந்தைகளும் கிழவர்களும் ஒன்றாகக் கத்தினார்கள்: "மீ லாபீ!" மின்சாரம் வந்துவிட்டது என்ற அந்தக் கூச்சல் போனுக்குள்ளும் போனது.

"வந்துடுச்சு போல" என்றாள் ரூபா.

"ரௌட்டர் எழும்பட்டும்."

"எழும்பட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் குளித்தான். தேநீர் போட்டான். இரண்டு மணிக்குப் படிவத்தைத் திறந்து மூடினான். இரண்டே காலுக்கு மறுபடி திறந்து, முதல்முறையாக முழுதும் படித்தான். 'பனி அனுபவம்' என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'இல்லை. ஆனால் என் கணவர் எல்லாம் சொல்லியிருக்கிறார்.' அதை இரண்டு முறை படித்தான். பிறகு கையெழுத்துப் பொத்தானை அழுத்தினான்.

கையெழுத்து ஏறவில்லை. 'தொடர்பாளர் மாற்றப்பட்டுள்ளார்' என்று வந்தது. புதிய பெயர் கலா, ஊர் தன்லியின். ரூபாவின் தங்கை. பத்து நிமிடத்துக்கு முன்பே கையெழுத்திட்டிருந்தாள்.

கீழே தானாகப் போகும் கடிதத்தின் நகல் இருந்தது: 'உங்கள் வீட்டுத் தொடர்பாளர் பதில் தரவில்லையென்றால் கவலைப்படாதீர்கள். அழைத்தால் எடுக்கக்கூடிய வேறொருவர் பெயரைத் தாருங்கள்.' மூன்று பனிக்காலத்துக்குமுன் அவன் எழுதிய வாசகம். தெளிவாக இருக்கிறது என்று நிறுவனம் பாராட்டியது.

ரூபா நான்கு மாடி ஏறி வந்து, வாங்கிய சட்டையைப் போட்டு வியர்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் கலா?"

"அவ எடுப்பா."

"நானும் எடுப்பேன்."

"நீங்க ரௌட்டர் எழும்பட்டும்னு சொல்வீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

டிசம்பரில் அவள் போனாள். ஜோடிப் பட்டியல் இப்போது சந்திரமோகன் மட்டும் போடுகிறான். ரூபா மலைக்குப் போகும் விடுமுறை நாட்களில், யாரோ ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரைத் தன் கையால் தட்டுகிறான். அவள் அனுப்பும் வீடியோக்களில் ஏழாவது சரிவு என்று சரியாகவே எழுதியிருக்கிறது. அதுவும் அவனுக்கு எரிகிறது. ஆனால் இப்போதெல்லாம் அவன் பொறாமை ஹொக்கைடோவரை போவதில்லை. பாகோ ஆற்றைத் தாண்டி, தன்லியினில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் கலாவின் கைப்பையில் கிடக்கும் போனோடு நின்றுவிடுகிறது. தினமும் காலை, பட்டியலை அனுப்பிய கையோடு அந்த எண்ணைக் கூப்பிடுகிறான்.

"கலா, போன்ல சார்ஜ் இருக்கா?"

"இருக்கு அத்தான். பாதி இருக்கு."

"பாதி எப்படிப் பத்தும்? அவ இன்னிக்கு மலைக்குப் போறா. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி போடு."

"உங்களுக்கு மட்டும்தான் மீ வராது அத்தான். எங்க வீட்டுல வந்துடும்."

"சரி, சரி. சார்ஜில போடு."