‘ஒண்ணுமில்லீங்க’ என்பதை நம்பாதவர்

நாச்சிமுத்து அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் ஆஸ்பத்திரி டில்ட் டேபிளில் ஒரு நோயாளி பட்டை கட்டி நின்றுகொண்டிருந்தார். அவரை இறக்கிப் படுக்கவைத்த பிறகுதான் போனை எடுத்தேன். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அண்ணி பேசினார். இரண்டு நாளாக நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாராம். கேட்டால் ஒண்ணுமில்லை என்றாராம். வெள்ளிக்கிழமை நானும்தான் கேட்டேன். அதே பதில். நம்பித் தொலைத்தேன். அட ஏனுங்கண்ணா, ஊரில் யார் அப்படிச் சொன்னாலும் நம்பாத ஆளாயிற்றே நீங்கள்!

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அந்த அறை தெரியும். மயங்கி விழுகிறவர்களை டேபிளில் கட்டி, மெல்ல நிமிர்த்தி, பிரஷரும் நாடியும் பார்க்கும் இடம். அவர் டெக்னீஷியன், நான் நர்ஸ். பதினோரு வருடத்தில் சண்டை போடாத நாட்கள் குறைவு. நோயாளியிடம் “எப்படி இருக்குதுங்க?” என்று நான் கேட்டால் அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “கண்ணு இருட்டுனாலும் நம்ம சனம் நல்லாருக்குதுன்னுதான் சொல்லுமுங்க அம்மணி. நமக்குச் சிரமம் குடுக்கக் கூடாதாமா!” என்பார். அவர் சமையல் விசாரிப்பார். பேச்சு எங்கே தடுமாறுகிறது என்று காது கொடுப்பார்.

சிங்காநல்லூர் சரசுவதி வந்த நாளை மறக்க மாட்டேன். மில் தொழிலாளி. காய்ச்சலுக்கு வாரக்கணக்கில் ஊசி போட்ட பிறகு, எழுந்து நின்றாலே விழுந்தார். இதயக் கோளாறு என்று பேஸ்மேக்கர் வைக்க நாள் குறித்தாகிவிட்டது. டேபிள் நிமிர்ந்தது. கேட்டேன். “நல்லாருக்குதுங்க” என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். அண்ணன் என்னை முறைத்துவிட்டு, “அரிசிம்பருப்பு சாதம் எப்படிங்க செய்வீங்க?” என்றார்.

“அரிசி, பருப்பு… சீரகம்…” ஒரு கொட்டாவி. உதடு வெளுத்தது. பிரஷர் அறுபதுக்கு வந்தும் நாடி ஏறவில்லை. நான் மரம்போல் நின்றேன். அண்ணன் ஸ்விட்சை அமுக்கிவிட்டார். டேபிள் இறங்கும் அந்தச் சில நொடிகளில் என் விரலுக்கு நாடி கிடைக்கவேயில்லை. செத்தே போனார் என்று நினைத்தேன். பிறகு கண் திறந்த சரசுவதி, “தப்பா நெனச்சுக்காதீங்க” என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அவரிடம் இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துவிட்டு அண்ணன் டாக்டரிடம் போனார். “சார், நடந்தா இவங்களுக்குப் போர்டு எழுத்தெல்லாம் ஆடுதாமுங்க. காதை ஒருக்கா பாத்துப்போடலாங்க.” டாக்டர் எரிச்சலாக நிமிர்ந்தார். அண்ணன் நகரவில்லை. “தல நிமிருதுன்னு மூளைக்கு மொதல்ல சேதி சொல்றது உள்காதுங்களே. சேதி போனாத்தானே ரத்தக்குழாய் இறுகும், நாடி கூடும்? அது போகலீன்னா ரத்தம் கால்லயே தேங்கிப்போகாதுங்களா?”

காதில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டுப் பார்த்தார்கள். விழிகள் அசைய வேண்டும். இரண்டு பக்கமும் அசையவில்லை. ஊசி மருந்து உள்காதைக் கெடுத்திருந்தது. பேஸ்மேக்கர் பேச்சு நின்றது. பல மாதப் பயிற்சிக்குப் பின் சரசுவதி மில்லுக்குத் திரும்பினார்.

சரசுவதி மயங்கிய அன்று அண்ணனிடம், “உங்களுக்குப் பயமே இல்லீங்களாண்ணா?” என்றேன். கையை நீட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தது. “ஒவ்வொருக்காலும் இப்படித்தானுங்க. நடுங்காத கை இந்த ஸ்விட்சைத் தொடக் கூடாதுங்க அம்மணி.”

என் கை நடுங்கியதே இல்லை. அதைத் திறமை என்று நினைத்திருந்தேன். அண்ணியின் போனை வைத்த பிறகும் வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரை டேபிளில் கட்டி ஸ்விட்சைத் தொட்டேன்; விரல் நடுங்கியது. நடுங்கட்டும். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.