அடியில் ஒட்டிய பெயர்

புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டு வரிசையில் யார் வீட்டில் ஜாம் போத்தல் காலியானாலும், அது என் எதிர்வீட்டு விஜயராணி அக்காவிடம்தான் போகும். வெந்நீரில் ஊறவைப்பார். லேபிளை ஒரு மூலையிலிருந்து பொறுமையாக உரிப்பார். மிச்சமிருக்கும் பசையில் தேங்காய் எண்ணெயும் சோடா மாவும் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் கழித்துப் பழைய துணியால் துடைப்பார். பிறகு விரலை ஓட்டிப் பார்ப்பார். துளி பிசுபிசுத்தாலும் மறுபடி எண்ணெய். நாங்கள் உரித்தால் பாதிக் காகிதம் நிற்கும், பசையில் தூசி ஒட்டிக் கறுத்துப்போகும்.

இந்தக் கைத்திறன் முறுக்குச் சுடுவதில் இல்லை. அக்காவின் முறுக்கைக் கடிக்கப் பல் வேண்டும். நாங்கள் சிரித்தால் அக்காவும் சிரிப்பார். பெற்ற மகன் தொடாததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் பிரவின், தீபாவளிக்கு வேலையிடத்து நண்பர்களுக்குக் கொண்டுபோவது சித்தி பவானேஸ்வரியின் முறுக்கை. பவானி, விஜயராணி அக்காவுக்கு ஓரகத்தி; தெங்கேராவில் இருக்கிறாள். அவள் முறுக்கு நிரப்புகிற போத்தல்கூட அக்கா தேய்த்துக் கொடுத்ததுதான்.

“போத்தல் என்னுது, மவன் என்னுது, பேரு மட்டும் அவளுக்கா?” என்று அக்கா என்னிடம் பொருமுவார்.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பவானி பிரவினுக்காக ஆறு போத்தல் முறுக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். போத்தல் திரும்பி வரவேண்டுமென்று அடியில் பெயர் ஒட்டுவது எங்கள் வழக்கம். ஆறிலும் ‘பவானி’ என்று ஒட்டியிருந்தது. மத்தியானம் நான் கறிவேப்பிலை கேட்கப் போனபோது அக்கா மேசையில் போத்தல்களைக் கவிழ்த்து வைத்து, ஹேர் ட்ரையரால் அடியில் சூடு காட்டிக்கொண்டிருந்தார். முறுக்கு உள்ளே இருக்கும்போது ஊறவைக்க முடியாதல்லவா. இளகிய பெயர் ஒவ்வொன்றாக உரிந்து வந்தது. எண்ணெய் தொட்டுத் துடைத்தார், சோப்புத் துணியால் இன்னொரு தடவை துடைத்தார். அதே இடத்தில் ‘விஜயராணி’ ஏறியது.

நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பவானியைக் கண்டால் எனக்கும் கொஞ்சம் எரியும். அவள் முறுக்கு வாயில் வைத்தால் கரைகிறது. அப்படிச் சுடுகிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்?

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பவானி வந்திருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். பிரவின் ஆறு போத்தலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எங்கள் பக்கம் போத்தல் காலியாகத் திரும்பாது. ஒன்றில் பிஸ்கட், ஒன்றில் நிலக்கடலை, ஒன்றில் அன்னாசி தார்ட் என்று எல்லாம் நிறைந்திருந்தன.

“எல்லாம் உங்களுக்குத்தான் சித்தி. யாரு சுட்டதுன்னு குடுக்கும்போதே சொல்லிட்டேன்லா. அடுத்த வருஷமும் வேணுமாம்.”

அக்காவின் முகம் செத்துப்போனது. பவானி சிரித்துக்கொண்டே ஒரு போத்தலை எடுத்து, பழக்கத்தில் அடியைப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். பிரவின் குளிக்கப் போகும்வரை காத்திருந்தாள். மகன் எதிரில் கேட்டிருந்தால்கூட அக்கா ஏதாவது சொல்லிச் சண்டை பிடித்திருப்பார்.

“என் பேரு இருந்த தடமே இல்லக்கா,” என்றாள் பவானி. “இவ்ளோ சுத்தமா உரிக்கிற கை நம்ம குடும்பத்துல ஒன்னுதான் இருக்கு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இந்தப் பேரையும் நீங்களே எடுத்துக் குடுத்துருங்க. நான் உரிச்சா பசை நிக்கும்.”

பவானி ஆறு போத்தலையும் அக்கா பக்கம் நகர்த்தினாள். அக்கா அறைக்குள் போய் ஹேர் ட்ரையரையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துவந்து உட்கார்ந்தார். முதல் போத்தலைக் கவிழ்த்து, தன் பெயரின் மூலையை நகத்தால் நெம்பினார். அவர் பெயரும் பிசிறில்லாமல் வந்துவிட்டது.